மலையகத்தில் இருந்தபடியே முதல் ஆய்வைத் தொடங்குவது எப்படி: மரக்கறிப் பாத்தியும் துணிக்கைப் பௌதிகமும்

உயர்தரத்தில் உயிரியல் படித்து விவசாய பீடத்துக்குப் போன மாணவியும், இணைந்த கணிதம் படித்துப் பௌதிகவியலுக்குப் போன மாணவனும் ஒரே தோட்டத்து லயத்திலிருந்து வந்தவர்களாக இருக்கலாம். இறுதியாண்டு ஆய்வு என்று வரும்போது இருவரும் எதிரெதிர்த் திசைகளில் தடுமாறுகிறார்கள். மாணவிக்குக் கண்ணெதிரே மலை முழுவதும் தரவு கிடக்கிறது, எதை எடுப்பது என்று தெரியவில்லை. மாணவனுக்கோ ஹட்டனிலும் பதுளையிலும் துணிக்கைகளை மோதவிட்டு ஆராயும் மோதுகருவி எதுவும் இல்லை, ஆகவே கோட்பாட்டுத் துணிக்கைப் பௌதிகம் தன் ஊருக்கு ஒத்துவராத படிப்பு என்று நினைத்துக்கொள்கிறான். இருவரையும் ஒரே வழிகாட்டியில் உட்கார வைப்பதற்குக் காரணம் உண்டு. நான் பார்த்தவரையில் இரண்டு துறைகளிலும் முதல் ஆய்வு வழுக்குகிற இடம் ஒன்றுதான்: கிடைக்கப்போகும் எண் எவ்வளவு தவறக்கூடும் என்பதை வேலை தொடங்குமுன் கேட்காமல், அறிக்கை எழுதும் இரவில் கேட்பது.

இந்த உறவு தற்செயலானதும் அல்ல. 1919 இல் இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட் விவசாய ஆய்வு நிலையத்தில் சேர்ந்த ரொனல்ட் ஃபிஷர், வயல் துண்டுகளின் விளைச்சலை ஒப்பிடுவதற்காகவே மாறுபாட்டுப் பகுப்பாய்வை உருவாக்கினார். தற்செயலாகத் தோன்றும் வேறுபாட்டை உண்மையான வேறுபாட்டிலிருந்து பிரிக்கும் அந்தச் சிந்தனையே இன்று ஜெனீவாவின் செர்ன் துணிக்கை ஆய்வுகூடத்தில் புதிய துணிக்கை தென்பட்டதா என்பதைத் தீர்மானிக்கவும் கைகொடுக்கிறது. அளவுகோலின் கண்டிப்பு மட்டும் வேறு: வேறுபாடு வெறும் தற்செயலால் தோன்றியிருக்க விவசாயத்தில் இருபதில் ஒன்று என்ற வாய்ப்பை ஏற்றுக்கொள்கிறோம், துணிக்கைப் பௌதிகத்தில் ஐந்து சிக்மா, அதாவது ஏறத்தாழ 35 இலட்சத்தில் ஒன்று என்று கேட்கிறார்கள்.

கேள்வியைச் சுருக்குதல்

"மலையக விவசாயம் எதிர்நோக்கும் பிரச்சினைகள்" என்பது தலைப்பே ஒழியக் கேள்வி ஆகாது. "நுவரெலியாவில் கரட் பாத்திக்கு இடும் கோழி எருவைப் பாதியாகக் குறைத்தால் ஒரு போகத்தில் விளைச்சல் குறைகிறதா" என்பது கேள்வி, ஏனெனில் ஆம் என்றோ இல்லை என்றோ பதில் வரக்கூடும், எதை அளக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. பௌதிகத்திலும் அவ்வாறே. "கரும்பொருளின் இயல்பு" என்று தலைப்பிட்டுத் தொடங்கிய மாணவர் ஆறு மாதம் வாசித்துக்கொண்டே இருப்பார். "இந்த ஒரு மாதிரியில், இந்த ஒரு துணிக்கை, இந்த ஒரு வழியில் எவ்வளவு வேகமாகத் தேயும்" என்று கேட்டவர் இரண்டாவது வாரத்தில் பென்சிலை எடுத்துவிடுவார்.

விவசாயக் கேள்வியில் இடத்தையும் காலத்தையும் கட்டாயம் சேர்க்க வேண்டும். இலங்கை 46 விவசாயக் காலநிலை வலயங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. 900 மீற்றருக்கு மேலே உள்ள மலைநாட்டுக்குள்ளேயே, தென்மேற்குப் பருவமழையை நேரடியாக வாங்கும் ஹட்டன் பக்கமும், அதே யூலை, ஓகஸ்ட் மாதங்களில் வரண்ட காற்று வீசும் பண்டாரவளை, வெலிமடைப் பக்கமும் ஒன்றல்ல. இந்த வரண்ட காற்றுத்தான் ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கிக் கொடுக்கிறது. எனவே "மலையகத்தில்" என்று எழுதி ஒரு சரிவில் பெற்ற முடிவை மறு சரிவுக்கு ஏற்றி வைப்பவரை எந்தப் பரிசோதகரும் விடமாட்டார்.

பாத்தியில் இறங்குவதற்கு முன்

முதலில் ஏற்கனவே உள்ள பதிவுகளைத் தேடுங்கள். பல தோட்ட அலுவலகங்களில் நாள்தோறும் மழையளவைப் பதிந்து வைக்கும் வழக்கம் உண்டு, செக்ரோல் எனப்படும் தொழிலாளர் பதிவேட்டில் நாளுக்கு நாள் பறித்த கொழுந்தின் கிலோக் கணக்கும் இருக்கும். இவை பல ஆண்டுகளுக்குத் தொடர்ச்சியாகக் கிடைத்தால், ஒரு போகத்தில் நீங்களே சேகரிக்கும் எதையும்விடப் பெறுமதியானவை. நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி கேட்க வேண்டும், எந்த ஆண்டுகள், எந்த மலை என்று குறிப்பாகக் கேட்டால் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். சிறு மரக்கறிச் செய்கையாளர்களைப் பற்றியதாயின் கமநல சேவை நிலையத்திலும் பிரதேச விவசாயப் போதனாசிரியரிடமும் தொடங்குங்கள். தேயிலைக்கு, 1925 இல் தொடங்கப்பட்டு இன்று தலவாக்கலையில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிறுவகமும், மரக்கறி, உருளைக்கிழங்குக்குச் சீத்தா எலியவிலும் பண்டாரவளையிலும் உள்ள விவசாயத் திணைக்கள நிலையங்களும் இருக்கின்றன. பழைய அச்சு வெளியீடுகள் அங்கே அலுமாரிகளில் இருக்கும், நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும். இணையத்தில் இலங்கை ஆய்விதழ்களுக்கான ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் தளமும், உலக உணவு விவசாய அமைப்பின் அக்ரிஸ் தளமும் கட்டணமின்றித் திறந்திருக்கின்றன.

தொழிலாளரிடம் தகவல் கேட்கும் ஆய்வாக இருந்தால், கேட்கும் நேரமும் கேட்கும் அலகும் முக்கியம். கொழுந்து நிறுக்கும் நேரத்தில் படங்கோடு நிற்பவரை மறித்துப் பதினைந்து கேள்வி கேட்பது ஆய்வல்ல, தொந்தரவு. ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், வாசலில் உட்கார்ந்து, "அக்கா, விருப்பம் இருந்தால் மட்டும் சொல்லுங்க, பேர் எழுத மாட்டேன்" என்று தொடங்குவது நல்லது. பெயர் எழுத மாட்டேன் என்று சொன்னால் எழுதக் கூடாது, அந்தத் தாள்களைத் தோட்ட நிர்வாகத்துக்கும் காட்டக் கூடாது. தொழிலாளர்கள் ஒரு நாள் வேலையை முழுப்பேர், அரைப்பேர் (முழுநாள் கூலி, அரைநாள் கூலி) என்று கணக்கிடுபவர்கள், அப்படியே எழுதிக்கொண்டு பின்னர் நீங்களே மணித்தியாலத்துக்கும் கிலோவுக்கும் மாற்றுங்கள். வினாக்கொத்தின் ஆங்கில அலகுகளுக்குள் அவர்களது பதிலைத் திணித்தால், கிடைப்பது அவர்களுடைய பதிலாக இருக்காது.

சரிவில் பரிசோதனை அமைப்பது

மலைநாட்டில் பாத்திப் பரிசோதனையின் முதல் எதிரி சரிவு. மழை மேல்மண்ணையும் பசளையையும் கீழே கொண்டு போவதால், அதே வரப்பின் கீழ்ப்பாத்தி மேற்பாத்தியைவிட வளமாக இருக்கும். என் முதல் பரிசோதனையில் நான் நான்கு விதமான எரு அளவுகளையும் மேலிருந்து கீழாக வரிசையாக வைத்தேன். அதிக எரு இட்ட பாத்தி அடிவாரத்தில் அமைந்தது, அமோகமாக விளைந்தது, அது எருவினாலா சரிவினாலா என்று சொல்ல எனக்கு எந்த வழியும் இருக்கவில்லை. ஒரு போகம் முழுவதும் போனது.

சரியான முறை இதுதான். சரிவைக் குறுக்காக, சம உயரக்கோட்டை ஒட்டி, நான்கு தொகுதிகளாகப் பிரியுங்கள். ஒவ்வொரு தொகுதியும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் இருக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் நான்கு எரு அளவுகளும் ஒருமுறை வர வேண்டும். எந்தப் பாத்திக்கு எது என்பதை உங்கள் கண்ணும் வசதியும் தீர்மானிக்கக் கூடாது, துண்டுச்சீட்டுப் போட்டு எடுங்கள், ஒவ்வொரு தொகுதிக்கும் புதிதாக. பாத்திகளுக்கிடையில் ஓரவரிசை விட்டு, அந்த வரிசையின் விளைச்சலை நிறையில் சேர்க்காதீர்கள். மேற்பாத்தியிலிருந்து வழியும் நீர் கீழ்ப்பாத்திக்குள் இறங்காதபடி தொகுதிகளுக்கிடையே கான் வெட்டுவது அவசியம், இல்லையேல் மேலே இட்ட எருவைக் கீழே அளந்துகொண்டிருப்பீர்கள்.

இப்போது, ஒரு விதையும் போடுவதற்கு முன், ஒரு சிறு கணக்கு. ஒரே விதமாக நடத்தப்பட்ட பாத்திகளுக்கிடையிலேயே விளைச்சலின் நியம விலகல் சராசரியின் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம், விவசாயியின் தோட்டத்தில் இது அதிசயமான அளவல்ல. நான்கு தொகுதிகள் இருந்தால், இரண்டு சராசரிகளுக்கிடையிலான வேறுபாட்டின் நியம வழு, 20 ஐ நான்கில் இரண்டின் வர்க்கமூலத்தால் பெருக்க வருவது, அதாவது ஏறத்தாழ 14 சதவீதம். நான்கு தொகுதிக்கும் நான்கு எரு அளவுக்கும் வழுவுக்கு எஞ்சும் சுயாதீனப் படிகள் 9, இருபதில் ஒன்று என்ற வாய்ப்புக்கான t அட்டவணையில் அதற்குரிய பெறுமானம் 2.26. பெருக்கினால் 32 சதவீதம். அதாவது எரு அளவுகளுக்கிடையில் விளைச்சல் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு வேறுபட்டால்தான் இந்தப் பரிசோதனை அதை நம்பிக்கையோடு காட்டும். ஆறு தொகுதிகளாக்கினால் 25 சதவீதத்துக்கு இறங்கும். பாத்திகளை ஒருசீராகத் தயார்செய்து நியம விலகலை 10 சதவீதமாகக் குறைக்க முடிந்தால், நான்கு தொகுதிகளிலேயே 16 சதவீதத்துக்கு வந்துவிடும். தொகுதியைக் கூட்டுவதைவிடப் பாத்தியைச் சீராக்குவதில் செலவிடும் உழைப்பு அதிகம் தருகிறது என்பதை இந்தக் கணக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. எருவைப் பாதியாக்கினால் விளைச்சல் 10 சதவீதம் குறையும் என்று நீங்கள் எதிர்பார்த்தால், முதல் திட்டத்தால் அதைக் காணவே முடியாது. அப்படியிருந்தும் முடிவில் "வேறுபாடு இல்லை" என்று எழுதுகிறவர்கள் பலர். எழுத வேண்டியது "32 சதவீதத்துக்குக் குறைந்த வேறுபாட்டைக் காணும் திறன் இந்தப் பரிசோதனைக்கு இல்லை" என்பதுதான்.

மண் மாதிரி பற்றிச் சுருக்கமாக: பாத்தியின் பத்துப் பன்னிரண்டு இடங்களில் ஒரே ஆழத்துக்குத் தோண்டி, சுத்தமான வாளியில் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்க் கால்பங்குகளை நீக்கி, மிஞ்சியதை நிழலில் உலர்த்துங்கள். பசளை வந்த உரப்பையில் மாதிரியைக் கட்டினால் ஆய்வுகூடம் அளந்து தருவது அந்தப் பையைத்தான். நுவரெலிய மரக்கறி மண்ணில் பொசுபரசு ஏற்கனவே தேவைக்கு மிஞ்சித் தேங்கியிருப்பது பல ஆய்வுகளில் காணப்பட்டது, ஆகவே எரு பற்றிய எந்தக் கேள்விக்கும் ஆரம்ப மண் பரிசோதனை இல்லாமல் விடை வராது.

பணமில்லாத ஆய்வு தரமற்றது என்று எண்ண வேண்டாம். 1869 இல் இந்த மலைகளில் கோப்பி இலையில் துரு நோய் கண்டது, 1880 இல் அதை ஆராய வந்த ஹாரி மார்ஷல் வோர்ட், காற்றில் மிதந்து வரும் வித்திகளைக் கண்ணாடித் தகடுகளில் பிடித்து, நோய் எவ்வாறு பரவுகிறது என்று காட்டினார். அவரால் கோப்பியைக் காப்பாற்ற முடியவில்லை. முறை இன்றும் நிற்கிறது, தேயிலையின் கொப்புள நோயை ஆராயும் மாணவருக்கும் அதே தகடுகள் போதும்.

இன்னொரு எச்சரிக்கை 2021 ஐப் பற்றியது. அந்த ஆண்டு இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் தளர்த்தப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் உள்ள விளைச்சலை ஒப்பிட்டுத் தடையின் விளைவை அளந்துவிடலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வருகிறது. ஆனால் 2022 இல் எரிபொருளும் இல்லை, ரூபாவும் வீழ்ந்தது, பசளை விலை வேறாகிவிட்டது, மழையும் ஆண்டுக்கு ஆண்டு ஒன்றாக இருப்பதில்லை. இவற்றில் எதை எப்படிப் பிரித்தெடுப்பீர்கள் என்று ஒரு பந்தியில் எழுத முடிந்தால் மட்டும் அந்தத் தலைப்பை எடுங்கள்.

பென்சிலும் தாளும் மட்டும் கொண்ட ஆய்வு

கோட்பாட்டுத் துணிக்கைப் பௌதிகத்துக்கு ஊர் ஒரு தடையே அல்ல என்பதை முதலில் நம்ப வேண்டும். 1991 ஓகஸ்டில் போல் கின்ஸ்பார்க் தொடங்கிய ஆர்க்கைவ் தளத்தில் இத்துறையின் கட்டுரைகள் ஏறக்குறைய அனைத்தும் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை யார் எங்கே மேற்கோள் காட்டினார் என்பதை இன்ஸ்பயர் தளம் காட்டும். துணிக்கைகளின் திணிவு, ஆயுட்காலம், தேய்வு வழிகள் எல்லாவற்றையும் பார்ட்டிக்கிள் டேட்டா குரூப் தொகுத்து வெளியிடுகிறது. தலவாக்கலையில் நடந்த பழைய ஆய்வொன்றைத் தேடிப் பெறுவதைவிட ஜெனீவாவில் போன மாதம் நடந்ததைப் பெறுவது தலவாக்கலை மாணவருக்கே எளிதாக இருப்பது வேடிக்கைதான்.

கட்டுரைகளை வாசிப்பதோடு நிற்காமல், முதல் வாரத்திலேயே ஒரு கணக்கைக் கையால் செய்து பாருங்கள். நான் எல்லோருக்கும் கொடுப்பது இது: மியூவனின் ஆயுட்காலத்திலிருந்து டௌ துணிக்கையின் ஆயுட்காலத்தைக் கண்டுபிடியுங்கள். இரண்டும் இலத்திரனைப் போன்ற, ஆனால் அதைவிடக் கனமான, விரைவில் தேய்ந்துவிடும் துணிக்கைகள்.

ஒளிவேகத்தையும் பிளாங் மாறிலியையும் ஒன்றாக எடுக்கும் அலகுமுறையில் எல்லாவற்றையும் திணிவின் அடுக்காகவே எழுதலாம். இந்தத் தேய்வுக்குக் காரணமான மென்விசையின் வலிமையைக் குறிக்கும் ஃபெர்மி மாறிலிக்குத் திணிவின் மறை இரண்டாம் அடுக்குப் பரிமாணம், தேய்வு வீதத்தில் அது வர்க்கமாக வருவதால் மறை நான்கு. வீதத்துக்குத் திணிவின் முதலாம் அடுக்குப் பரிமாணம் இருக்க வேண்டும். எனவே தேயும் துணிக்கையின் திணிவு ஐந்தாம் அடுக்கில் வந்தே ஆக வேண்டும். சமன்பாட்டைத் தீர்க்காமலே, பரிமாணத்தை மட்டும் பார்த்து இவ்வளவு தூரம் வந்துவிட்டோம்.

மியூவனின் திணிவு 105.7 மெகா இலத்திரன்வோல்ற்று, டௌவின் திணிவு ஏறத்தாழ 1777. விகிதம் 16.8, அதன் ஐந்தாம் அடுக்கு ஏறத்தாழ 13 இலட்சத்து 45 ஆயிரம். மியூவன் 2.197 மைக்கிரோ செக்கன் வாழ்கிறது, அதை இந்த எண்ணால் வகுக்க 1.63 × 10⁻¹² செக்கன் வரும். ஆனால் மியூவன் இலத்திரனாக மட்டுமே தேய்கிறது, கனமான டௌவுக்கோ வேறு வழிகளும் உண்டு: இலத்திரன் ஒன்று, மியூவன் ஒன்று, குவார்க்குச் சோடி, 'நிறம்' என்று பெயரிடப்பட்ட இயல்பின் மூன்று வகைகளில் மூன்று, ஆக ஐந்து. ஐந்தால் வகுத்தால் 3.27 × 10⁻¹³ செக்கன். அளக்கப்பட்ட ஆயுட்காலம் 2.90 × 10⁻¹³.

பன்னிரண்டு, பதின்மூன்று சதவீதம் பிழை. இங்கேதான் ஆய்வு தொடங்குகிறது. விடை கிட்டத்தட்டச் சரி என்று மகிழ்ந்து புத்தகத்தை மூடுபவர் மாணவராகவே இருப்பார். இந்தப் பன்னிரண்டு சதவீதம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர் அடுத்த படிக்குப் போவார். குவார்க்குகளுக்கிடையில் செயற்படும் வல்விசையை நாம் விட்டுவிட்டோம், அது குவார்க்கு வழியின் பங்கைக் கூட்டுவதால் இலத்திரன் வழியின் பங்கு 20 சதவீதத்திலிருந்து குறைகிறது. அளக்கப்பட்ட பங்கு 17.8 சதவீதம். அதைப் போட்டால் 2.91 × 10⁻¹³ வருகிறது, பிழை அரைச் சதவீதத்துக்குள் அடங்குகிறது. இந்த வேறுபாட்டையே தலைகீழாகப் பயன்படுத்தி வல்விசையின் வலிமையை அளப்பது இன்று நிலைபெற்ற ஒரு முறை.

பாத்தியில் செய்த கணக்குக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை தெரிகிறதா? அங்கே வழு சரிவிலிருந்து வருகிறது, இங்கே நாம் விட்டுவிட்ட உறுப்பிலிருந்து வருகிறது. கோட்பாட்டு ஆய்வில் ஒவ்வொரு அண்ணளவாக்கத்துக்கும் பக்கத்தில், விடுபட்ட அடுத்த உறுப்பு எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று ஒரு எண்ணைக் குறித்து வையுங்கள். "புறக்கணிக்கத்தக்கது" என்ற சொல்லை எண் இல்லாமல் எழுதாதீர்கள்.

எதை நம்பி ஆய்வில் இறங்குவது என்பதற்கும் ஒரு பாடம் இருக்கிறது. 2015 டிசம்பரில் செர்னின் இரு கருவிகளும் 750 கிகா இலத்திரன்வோல்ற்றுப் பக்கத்தில் ஒளியன் சோடிகள் எதிர்பார்த்ததைவிடச் சற்று அதிகமாக வருவதாக அறிவித்தன. ஐந்து சிக்மாவை அது எட்டவில்லை. சில மாதங்களுக்குள் அதை விளக்கி ஏறத்தாழ 500 கோட்பாட்டுக் கட்டுரைகள் வந்தன, 2016 ஓகஸ்டில் கூடுதல் தரவு சேர்ந்ததும் அந்த மேடு மறைந்துவிட்டது. 2012 யூலை 4 அன்று அறிவிக்கப்பட்ட ஹிக்ஸ் துணிக்கை ஐந்து சிக்மாவோடு வந்தது, நிலைத்தது. கட்டுரை எண்ணிக்கைக்காக ஓடவேண்டிய நிலையில் இல்லாத முதல் ஆய்வு மாணவர், இத்தகைய அலை எழும்போது ஒரு வருடம் பொறுத்திருப்பதால் எதையும் இழக்கப்போவதில்லை.

வழிகாட்டி அருகில் கிடைக்காதவர்கள், 1964 இல் அப்துஸ் சலாம் வளர்ந்துவரும் நாடுகளின் விஞ்ஞானிகளுக்காக இத்தாலியின் திரியெஸ்தெயில் நிறுவிய கோட்பாட்டுப் பௌதிக மையத்தின் ஓராண்டு டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்கலாம், உதவித்தொகை உண்டு. விண்ணப்பத்தில் நீங்கள் கையால் செய்த இத்தகைய ஒரு கணக்கை விவரிப்பது, "சிறுவயதிலிருந்தே வானத்தைப் பார்த்து வியந்தேன்" என்று எழுதுவதைவிட எவ்வளவோ மேல்.

எழுதுவதும் அனுப்புவதும்

தமிழ்மொழி மூலம் உயர்தரம் வரை வந்தவர்களுக்கு ஆங்கிலத்தில் எழுதுவது பாரமாக இருக்கும். ஆய்வுக் குறிப்பேட்டைத் தமிழிலேயே எழுதுங்கள், நாளும் மழையும் அளவீடும் சந்தேகமும் உடனுக்குடன் பதியப்பட வேண்டும், மொழி அங்கே குறுக்கே நிற்கக் கூடாது. அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதும்போது அட்டவணைகளையும் வரைபுகளையும் முதலில் முடித்து, அவற்றுக்கு இடையிலுள்ள வாக்கியங்களைப் பின்னர் எழுதினால் வேலை பாதியாகும். பகுப்பாய்வுக்கு ஆர், பைத்தன் ஆகிய இலவச மென்பொருள்கள் இரு துறைக்கும் போதும்.

பணம் கட்டினால் ஒரு வாரத்தில் வெளியிடுகிறோம் என்று மின்னஞ்சல் அனுப்பும் ஆய்விதழ்களுக்குப் பதில் எழுதாதீர்கள். துணிக்கைப் பௌதிகத்தின் முக்கிய இதழ்கள் பலவற்றில் 2014 முதல் வெளியீட்டுச் செலவை ஒரு சர்வதேசக் கூட்டமைப்பு ஏற்கிறது, ஆகவே ஆசிரியர் பணம் கட்டத் தேவையில்லை. ஆர்க்கைவில் முதன்முறை பதிவேற்ற ஏற்கனவே எழுதிய ஒருவரின் பரிந்துரை தேவைப்படலாம், மேற்பார்வையாளரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். விவசாய ஆய்வாயின், எதிர்பார்த்த விளைவு வராவிட்டாலும் உள்ளபடியே எழுதி அனுப்புங்கள், அதே எருவை அதே சரிவில் மறுபடி ஒருவர் போட்டுப் பார்ப்பதை அது தடுக்கும்.

பாத்தியைக் கொடுத்த விவசாயிக்கு ஆங்கில அறிக்கையின் பிரதியைக் கொடுத்துவிட்டு வருவது மரியாதையாகாது. எவ்வளவு எரு இட்டோம், எவ்வளவு விளைந்தது, எவ்வளவு உறுதியாகச் சொல்கிறோம் என்ற மூன்றையும் கொண்ட ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பு, அவர் அடுத்த போகத்துக்கு எரு லொறிக்கு முற்பணம் கொடுப்பதற்கு முன் அவர் கையில் இருக்க வேண்டும்.